கொக்கிக்குப் பேர் என்ன?

"இது என்னக்கா?"

"கொக்கி."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். உயர்கணிதத் தேர்வுக்கு இன்னும் நாற்பதே நிமிடம். தேர்வு மையத்துக்கு எதிரே, மழைக்கு ஒதுங்கிய பேருந்து நிழற்குடையில், அக்காவின் மடியில் நோட்டு விரிந்து கிடந்தது.

"கொக்கி இல்லக்கா, இன்டெக்ரல். மூணு நாளா இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்?"

"தினம் நூறு கொக்கி வெச்சுத் தைக்கிறவடா நான். வாயில அதுதான் வருது."

அக்காவுக்குத் தையற்கடையில் வேலை. அளவு நாடாவோடு சரி, மற்றபடி கணக்குக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் இந்தத் தேர்வைக் கோட்டைவிட்டால் அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிடும், வேலைக் கனவை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். தன்னால் கெட்டதென்று ஆகிவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.

"சிக்மாவை எழுதிக் காட்டு."

எழுதினாள். கீழே விழுந்த எம் மாதிரி இருந்தது.

"சரி, இருக்கட்டும். பத்து மார்க் கேள்வியெல்லாம் முதல்ல. வெக்டார் பக்கமே போக வேணாம்," என்றபடி தம்பி இடது கையால் பக்கத்தைப் புரட்டினான். "ஒரு கணக்குல மாட்டிக்கிட்டா அஞ்சு நிமிஷத்துக்கு மேல அங்க நிக்கக் கூடாது. அடுத்ததுக்குத் தாவிடணும்."

"சரிடா."

"அதுக்கு முன்னாடி கேட்டைத் தாண்டணும். உன்னை ஒரு கேள்வி கேட்டுப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்களாம், போன்ல சொன்னாங்க. அங்க முழிச்சா கதை கந்தல். இந்த ஒண்ணையாவது மனப்பாடம் பண்ணு. இன்டெக்ரல், பூஜ்யத்துலேருந்து ஒண்ணு வரைக்கும், எக்ஸ் ஸ்கொயர் டி எக்ஸ். விடை மூணுல ஒண்ணு."

அக்கா முணுமுணுத்துப் பார்த்தாள். முதல் தடவை பூஜ்யத்தை விழுங்கினாள். இரண்டாம் தடவை விடையை 'ஒண்ணுல மூணு' என்றாள்.

"ஏண்டா, இது உருப்படுமா?"

"எனக்கும் நம்பிக்கை இல்லக்கா. வேற வழி?"

அக்கா நோட்டை மூடினாள். எழுந்தார்கள். அவன் தோளில் போர்த்தியிருந்த மழைக்கோட்டு நழுவ, அக்கா அதை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள். சாலையைக் கடக்கும்போதும் அவள் வாய் ஓயவில்லை.

கேட்டில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி அனுமதிச் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு ஓர் அட்டையை எடுத்து அக்காவின் முன்னால் நீட்டினார்.

"இது என்னன்னு தெரியுதா?"

அட்டையில் ஒரு கொக்கி. கீழே பூஜ்யம், மேலே ஒன்று, பக்கத்தில் எக்ஸ் ஸ்கொயர். அவளுக்கு நம்பவே முடியவில்லை.

"இன்டெக்ரல் சார். பூஜ்யத்துலேருந்து ஒண்ணு வரைக்கும், எக்ஸ் ஸ்கொயர் டி எக்ஸ்."

"விடை?"

"மூணுல ஒண்ணு சார்."

மூன்று நாளாகச் செத்துக் கிடந்த தம்பியின் முகத்தில் உயிர் வந்தது. அக்காவுக்கோ தலைகால் புரியவில்லை. ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரு கணக்கைச் சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

உள்ளே முதல் மணி அடித்தது. அதிகாரி பேனாவை மூடி வைத்தார். தம்பியின் மழைக்கோட்டுக்குக் கீழே தெரிந்த மாவுக்கட்டை, முழங்கை முதல் விரல் நுனிவரை, ஒருமுறை பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இவர் சொல்லச் சொல்ல எழுத வர்றவங்களுக்குக் கணக்கு தெரிஞ்சிருக்கக் கூடாதேம்மா."