சாருக்கு தாமர உந்தி

"சாருக்கு தாமர உந்தி" என்றாள் வேலைக்கார யாதம்மா. பின்பால்கனியில் துணி அலசியபடியே, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ வம்பளந்துகொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்ததையும் சொன்னாள். "மேடமுக்கு செப்பொத்தன்னாடு!"

அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த நீலாவின் கை அப்படியே நின்றுவிட்டது. மாயவரத்திலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, தெலுங்கு அரைகுறைதான். ஆனாலும் 'உந்தி' என்றால் இருக்கிறது, 'செப்பொத்து' என்றால் சொல்லாதே என்பதுகூடவா தெரியாது? சாருக்குத் தாமரை இருக்கிறாளாம். மேடத்திடம் சொல்லக்கூடாதாம்!

தோசை தீய்ந்தது. குடித்தனமே தீயும்போது தோசையை யார் பார்ப்பது?

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. ஒரு மாதமாகச் சரத் கூடத்துச் சோபாவில்தான் படுக்கிறான். கேட்டால் முதுகுவலி. சனிக்கிழமை தவறாமல் எங்கேயோ போகிறான். கேட்டால் மீட்டிங்.

தினம் இரண்டு குளியல், மேலெல்லாம் பவுடர், தனித் துண்டு, தனிச் சோப்பு. நாச்சாரத்து ஃபாக்டரியில் உலைக்குப் பக்கத்தில் நின்று வேர்த்து வழிகிறவனுக்கு என்ன திடீர் மினுக்கு என்று அவளும் அசடு மாதிரி சிரித்திருக்கிறாள். தன் துணியை மட்டும் தனியாக வெந்நீரில் ஊறவைக்கும்படி யாதம்மாவுக்கு உத்தரவு வேறு. எந்தச் சிறுக்கியின் வாசனையைப் போக்கவோ!

சாதத்தில் ஒரு முடி கிடந்தாலே பானையோடு கொட்டிவிடுகிறவள் நீலா. இவன் தொட்ட டம்ளரைக்கூட இனி எப்படித் தொடுவது?

சரத் குளித்துவிட்டு வந்தபோது அவள் பெட்டி பாதி நிறைந்திருந்தது.

"என்ன இது? எங்க கிளம்பற?"

"மாயவரத்துக்கு. சாயங்கால ரயிலுக்கு. யாதம்மா போன்ல பேசினதை எல்லாம் கேட்டுட்டேன்."

சரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "சொல்லாதேன்னு அவகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று முனகினான்.

"அப்ப நிஜம்தான்!"

"நிஜம்தான் நீலா. நீ அருவருப்புப்படுவேன்னுதான் மறைச்சேன்."

"பின்ன, சந்தனம் பூசிக் கொஞ்சுவாங்களா? எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"எங்கேருந்து வந்துது அது?" 'அவள்' என்று சொல்லவும் நீலாவுக்கு வாய் வரவில்லை.

"ஃபாக்டரிலேருந்துதான். முதல்ல உமேஷுக்கு இருந்துது. அவன்கிட்டேருந்துதான் எனக்கு."

"சீ!" துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். உமேஷ்! போன மாதம் இதே வீட்டில் வத்தக்குழம்பை மூன்று தரம் ஊற்றிக்கொண்டு, அண்ணி அண்ணி என்று உருகியவன். அவனை உட்காரவைத்த நாற்காலியைக் கழுவிவிட வேண்டும்.

"எங்க செக்‌ஷன்ல பாதிப் பேருக்கு இருக்குடி" என்றான் சரத், ஏதோ சமாதானம் சொல்வதுபோல.

"ஐயய்யோ! வெட்கமில்லாம இதை வேற சொல்றீங்களா? உமேஷ் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும். பொறுத்துக்கிட்டாங்க, பாவம்."

"நான் பொறுத்துக்க மாட்டேன். அதை விட்டுத் தொலைக்க முடியாதா உங்களால?"

"அது என்னை விட்டாத்தானே! ரெண்டே வாரத்துல போயிடுச்சுன்னு நம்பி மெத்தனமா இருந்துட்டேன். உமேஷ் பேச்சைக் கேட்டுப் பண்ணக்கூடாததைப் பண்ணினேன். இப்ப முன்னைவிட ஜாஸ்தியா வந்து நிக்குது."

நீலா ஒரு புடவையைச் சுருட்டிப் பெட்டிக்குள் எறிந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் முழுசாக ஆகவில்லை.

"இப்பத்தான் விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட சனிக்கிழமை சனிக்கிழமை போறேன்" என்றான் அவன் கெஞ்சலாக. "ஆறு வாரம் அவர் சொன்னபடி கேட்டா அடியோட ஒழிச்சுக் கட்டிடலாம்னு சொல்லியிருக்கார்."

"யாரு, வக்கீலா?"

"வக்கீலா? இதுக்கு எதுக்குடி வக்கீல்? அதுவரைக்கும் உன்கிட்ட நெருங்கக் கூடாதுன்னார். அதான் சோபாவுல படுத்தேன்."

"ஆஹா, நல்ல மத்தியஸ்தம்! அதுக்குத் துரோகம் பண்ணக்கூடாது, கட்டினவ மட்டும் இளிச்சவாய்ச்சி!" நீலாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "தாமரயாம் தாமர! பேரைச் சொல்லவே நாக்கு கூசுது."

"அது தெலுங்குப் பேர் நீலா."

"ஓஹோ! தெலுங்குல ஒரு பேர், தமிழ்ல ஒரு பேரா அந்த மகாராணிக்கு? தமிழ்ல என்ன பேராம்? அதையும் சொல்லிடுங்க, காது குளிரக் கேட்டுட்டே ரயிலேறுறேன்."

சரத் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பனியனை விலா வரைக்கும் தூக்கிக் காட்டினான்.

"படர்தாமரை."