தங்கை வரைந்த சிப்

திரை நடுங்கவில்லை.

ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அசையாமல் நிற்கிறது. போன முறை வந்த சிப்பைப் போட்டபோது இதே திரை குளிர்க்காய்ச்சல் வந்த மாதிரி உதறியது.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கோ நம்பிக்கை வரவில்லை.

இந்தச் சிப்பை வரைந்தவள் என் தங்கை. எங்கள் கம்பெனி வீடுகளுக்கென்று விற்கப்போகும் கம்ப்யூட்டருக்காக ஒன்றரை வருடம் உட்கார்ந்து கோடு கோடாக வரைந்தாள். கடையில் கிடைக்கிற சிப்புகளில் அறுபத்திரண்டை வாங்கி ஒரு போர்டில் அடுக்கினால் இதே வேலை நடக்கும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அடுக்கியும் காட்டினேன்.

"போக்கா. கடையில வாங்கி அடுக்குறதுக்கு நாம எதுக்கு?" என்பாள்.

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

முதல் சிப் வந்து சேர நான்கு நாள் இருக்கும்போது, ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். திரை உதறியதை அவள் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

தப்பு எங்கே என்று எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை. முதலாளி என் போர்டையே போட்டுவிடலாம் என்றார். ஜெயித்தது நான்தான். ஆனால் மனசு கேட்கவில்லை. அதே வரைபடத்தை வைத்து, ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல், இன்னொரு முறை செய்து தரும்படி தொழிற்சாலைக்காரர்களிடம் கெஞ்சினேன். பத்து வாரம் கழித்து இன்று பெட்டி வந்தது.

முதலாளி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எதையும் மாத்தலைன்னா எப்படிம்மா சரியாச்சு? காரணம் தெரியாத ஒண்ணைப் பத்தாயிரம் வீட்டுக்கு அனுப்ப முடியாது. மூணு மணிக்குள்ள சொல்லு, இல்லேன்னா உன் போர்டுதான்."

அதாவது, காரணம் கிடைக்காவிட்டால் அவளுடைய ஒன்றரை வருடமும் குப்பைக்கூடைக்குப் போகும்.

ஒரு சிப்பின் மூடியைச் சூடாக்கி, பிளேடால் நெம்பி எடுத்தேன். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, பக்கத்தில் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு கோடாக ஒப்பிட்டேன்.

இரண்டரை மணிக்குக் கிடைத்தது. ஒரே ஒரு கோடு, வரைபடத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்கு அகலம். அது மெலிசாக இருந்ததால்தான் முன்பு திரை உதறியிருக்கிறது.

தொழிற்சாலையில் யாரோ கைதவறி அகலமாக்கியிருப்பார்கள். தவறியதும் சரியான இடத்தில் தவறியிருக்கிறது. அப்படித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

எழுந்திருப்பதற்கு முன்னால் மூலையைப் பார்த்தேன். சிப் வரைகிறவர்கள் யார் கண்ணுக்கும் படாத மூலையில் எதையாவது கிறுக்கி வைப்பார்கள். அவர்களுக்குள் அது ஒரு விளையாட்டு. இவள் கிறுக்கியது என் மூஞ்சியை. உருண்டைக் கொண்டை, உருண்டைக் கண்ணாடி, உர்ரென்ற வாய். கழுதை.

கண்ணாடியின் இடது மூட்டில் ஏதோ தூசி ஒட்டியிருந்தது. ஊதினேன். போகவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். தூசி இல்லை, கோடு. மூட்டைச் சுற்றி மூன்று சுற்று.

வரைபடத்தில் அது இல்லை. பழைய சிப்பைத் திறந்து பார்த்தேன், அதிலும் இல்லை. பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மூன்று மணிக்கு முதலாளி கதவைத் திறந்தார். ஒரு கோடு அகலமாகியிருக்கிறது, வரைபடத்திலும் அப்படியே திருத்திவிடலாம், இவள் சிப்பையே போடலாம் என்றேன். வேறெதுவும் மாறவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன்.

சரி என்று தலையாட்டியவர், போகாமல் என் முகத்தையே பார்த்தார்.

"கண்ணாடிக்கு என்னம்மா ஆச்சு?"

காலையில் கிளம்புகிற அவசரத்தில் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இடது மூட்டில் டேப்பை மூன்று சுற்று சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தேன்.