எலும்பு முளைக்கும் வரை

"நன்றி கெட்ட ஊர்" என்றார் திம்பேஸ்வர், வாயை அதிகம் திறக்காமல். ஈறில் போட்ட தையலைப் பிரித்துப் பல நாளாகியும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

"யாரைத் திட்டறீங்க?" என்றாள் மனைவி போகுலி, தறியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எல்லாரையும்தான். இத்தனை வருஷம் இவங்க சண்டையைத் தீர்த்துத் தீர்த்தே என் பல்லு ஆடிப் போச்சு. இப்ப ஒருத்தனாவது எட்டிப் பாக்கறானா?"

அவர் சொன்னதில் மிகை இல்லை. அந்த அசாமியக் கிராமத்தில் வழக்கு என்று வந்தால், ஊராருக்கெல்லாம் 'குரா'வாகிய, அதாவது சித்தப்பாவாகிய, திம்பேஸ்வர்தான் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு முடிந்ததும் தாமூல் தட்டு வரும்: பச்சைப் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. இரண்டு கட்சிக்காரர்களோடு குராவும் சேர்ந்து மென்றால்தான் வழக்கு தீர்ந்ததாக அர்த்தம். ஏன் அப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மெல்லாத தீர்ப்பு நிற்காது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு.

மென்று மென்று ஈறு வீங்கியது, சீழ் வைத்தது, உள்ளே எலும்பு கரைந்தது. கடைசியில் முன்பற்கள் காற்றடித்தால் ஆடும் நிலைக்கு வந்தன. ஜோர்ஹாட் நகரத்துப் பல் டாக்டரம்மா ஈறைப் பிரித்துச் சுத்தம் செய்து, பள்ளங்களில் எலும்புத் தூளை நிரப்பி, மேலே ஒரு சவ்வை மூடித் தைத்தார்.

"இதைப் பிடிச்சுக்கிட்டு உங்க எலும்பு தானா வளரணும் குரா. இறுகற வரைக்கும் ஒரு துண்டுப் பாக்கு உள்ளே போனாலும் அத்தனையும் வீண்."

"ரொம்பப் பெரிய வழக்கா இருந்தா, ஒரே ஒரு தடவை?"

"அப்ப பல்லைக் கையில வெச்சுக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க."

போகுலி அதை ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாள். அன்றிலிருந்து வழக்கென்று ஒருவரும் வாசலை மிதிக்கவில்லை.

முதலில் அவருக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு கை அரித்தது. தோலன் வீட்டு வாத்துகள் கோலாப்பின் நாற்றங்காலில் இறங்கி மேய்ந்ததை அவரே கண்ணால் கண்டார். இன்றைக்கு மண்டை உடையும் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். கோலாப் வந்தான். வாத்துகளைப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

"நல்லா கொழுகொழுன்னு வளர்த்திருக்கே தோலன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"பாத்தியா போகுலி? வேற எங்கேயோ போய்த் தீத்துக்கறாங்க. மோனிராம் மாஸ்டர்கிட்டதான். அந்த ஆளுக்கு என் இடத்து மேல எப்பவுமே ஒரு கண்ணு."

"போய் நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"நான் ஏன் போகணும்? எலும்பு முளைக்கட்டும். அப்புறம் இருக்கு அவனுக்கு."

முளைத்தது. டாக்டரம்மா பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதில் பள்ளமாக இருந்த இடமெல்லாம் இதில் வெள்ளையாக நிரம்பியிருந்தது. பல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

"பிரமாதமா வளர்ந்திருக்கு. ஆனா இனிமேலும் தாமூலைத் தொடாதீங்க."

"டாக்டர்னா அப்படித்தான் சொல்வாங்க" என்றார் திம்பேஸ்வர், திரும்பி வரும் பஸ்ஸில் போகுலியிடம். "தீர்ப்புக்கு நாலு மெல்லு மென்னா ஒண்ணும் ஆகாது." வழி நெடுக, மோனிராமை என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் ஊரே நின்றது. மோனிராமும் நின்றார்.

"என்ன, இப்பதான் வழி தெரிஞ்சுதா? மாஸ்டர் வீட்டுல பாக்கு தீந்து போச்சோ?"

மோனிராமின் முகம் சுருங்கியது. "என்கிட்ட யாரு குரா வந்தா? எனக்கே பக்கத்து வீட்டுக்காரனோட ஒரு வழக்கு இருக்கு. மழைக்கு முன்னாலேருந்து அடக்கி வெச்சிருக்கேன்."

"அடக்கி வெச்சிருக்கியா?"

"உங்ககிட்ட வந்தா நீங்க மெல்லணும். மென்னா எலும்பு போயிடும்" என்றான் தோலன். "அதனால பிரார்த்தனைக் கூடத்துல கூடிச் சத்தியம் பண்ணிட்டோம். குராவுக்கு எலும்பு முளைக்கற வரைக்கும் ஊருக்குள்ள யாரும் சண்டை போடக் கூடாதுன்னு."

"லேசுப்பட்ட காரியமா குரா?" என்றான் கோலாப். "இவன் வாத்தைப் பாத்துச் சிரிச்சுட்டு, வீட்டுக்குப் போய்த் தலையணையைக் குத்தினேன். தினம் சிரிக்கப் போய், இப்ப இவன் பொண்டாட்டி எனக்கு வாத்து முட்டை குடுத்தனுப்புது. ருசியா வேற இருக்கு. இப்படியே போனா என் வழக்கே கெட்டுப் போயிடும். சீக்கிரம் தீத்து வையுங்க."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? முளைச்சுதா?" என்று யாரோ கேட்டார்கள். தாமூல் தட்டு ஒன்று முன்னால் வந்தது. கூட்டம் முழுவதும் அவர் வாயையே பார்த்தது.

திம்பேஸ்வர் அந்தத் தட்டைப் பார்த்தார். எச்சில் ஊறியது. தோலன் தன்னையறியாமல் கோலாப்பின் தோளில் போட்டிருந்த கையையும் பார்த்தார்.

"பாதிதான் முளைச்சிருக்காம்" என்றார்.

"இன்னும் எவ்வளவு நாளாகும்?"

"வயசான எலும்பு. சொல்ல முடியாதாம்."

கூட்டம் பெருமூச்சு விட்டுக் கலைந்தது. மோனிராம் மட்டும் பாதி வழியில் திரும்பி வந்தார். "தப்பா நினைக்காதீங்க குரா. வேற நல்ல டாக்டரா பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகுலி கணவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்படிச் சொல்லிட்டீங்களே. இனி ஒரு வழக்கும் இந்த வாசலுக்கு வராது."

"வராது" என்றார் திம்பேஸ்வர். "நீ முதல்ல அந்த எக்ஸ்ரேயை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வை."