மண்டரிக் கமிட்டி

"நம்ம தோப்புக் காய் ஒண்ணுகூட அவா கண்ணுல படப்படாது. கேட்டியோ?" என்றார் டாக்டர் சேஷன்.

"எல்லாத்தையும் விடியறதுக்கு முன்னாலேயே ஜீப்புல ஏத்தி அனுப்பியாச்சு, சார்" என்றாள் செண்பகவல்லி.

"மேசை மேல இருக்கறது?"

"விழிஞ்ஞம் பக்கத்துல ஒரு தோப்புல வாங்கினது. நானே நின்னு ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன்."

'மருந்து அடித்த மரத்தின் காய்கள்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டையைச் சேஷன் அந்தக் குவியலுக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தார். பின்னால் நகர்ந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஆராய்ச்சியில் அவர் இவ்வளவு அக்கறை காட்டி அவள் பார்த்ததே இல்லை.

கழக்கூட்டத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது நாளிகேரா லைஃப் சயின்ஸஸ். கேரளத்துத் தென்னைகளை மண்டரி பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அது ஏறிய மரத்தில் காயெல்லாம் சொறி பிடித்துச் சூம்பிப் போகும். ஒரு பூஞ்சையை வைத்து அதை ஒழித்துக் காட்டுகிறேன் என்று டெல்லியில் போய்ச் சொல்லி, மூன்று வருடத்துக்கு மானியம் வாங்கியிருந்தார் சேஷன். இரண்டு வருடப் பணம் வந்து, செலவும் ஆயிற்று. ஏ.சி. வந்தது. சுழல் நாற்காலி வந்தது. அமைச்சர்களோடு சேஷன் நிற்கும் படங்களுக்குத் தேக்குச் சட்டம் வந்தது. கம்பெனியில் ஆராய்ச்சி செய்வதற்கு ஒரு செண்பகவல்லி. அதைப் பற்றி அறிக்கை எழுதுவதற்கு நாலு பேர்.

மூன்றாம் வருடப் பணத்தை விடலாமா என்று முடிவு செய்யத்தான் இன்று நிபுணர் கமிட்டி வருகிறது.

"தோப்பையே பார்க்கணும்னு கேட்டா என்ன சார் சொல்றது?"

"போற வழியில பாலம் உடைஞ்சிருக்குன்னு நேத்தே சொல்லிட்டேன்."

அந்த வழியில் உடைவதற்குப் பாலமே கிடையாது.

செண்பகவல்லி தயங்கினாள். "சார், பாறசாலையிலேருந்து அப்பா ஃபோன் பண்ணினாரு. மண்டரியோட மல்லுக்கட்ட முடியலையாம். திங்கக்கிழமை தென்னையை எல்லாம் வெட்டிட்டு ரப்பர் வைக்கப் போறாரு. வெட்ட ஆளும் சொல்லியாச்சு. நம்ம மருந்தைப் பத்தி அவருகிட்ட ஒரு வார்த்தை..."

"ஆராய்ச்சி நடந்துண்டிருக்குன்னு சொல்லு."

"ரெண்டு வருஷமா அதைத்தான் சார் சொல்றேன்."

"இன்னும் ஒரு வருஷம் சொல்லேன். சயின்ஸ் என்ன ரப்பர் மரமா, கீறின உடனே பால் வடியறதுக்கு?"

கம்பெனி விஷயம் பற்றி வீட்டில்கூட வாய் திறப்பதில்லை என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் எழுதி வாங்கியிருந்தார் அவர். அவள் போய் மேசை விரிப்பைச் சரி செய்தாள்.

வெள்ளை அம்பாசடரில் கமிட்டி வந்து இறங்கியது. தலைவர் டாக்டர் அனந்தபத்மநாபன்; இங்கே கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் பிறந்து, டெல்லியில் பழுத்தவர். கூட வந்தவர்களில் ஒருவர், கோயில் நடை எப்போது சாத்துவார்கள் என்று கேட்டார். மற்றவர், மத்தியானம் போளிக்குப் பால்பாயசம் உண்டா என்று கேட்டார். விஞ்ஞானக் கேள்விகள் அத்தோடு முடிந்தன.

சேஷன் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் கோடுகளைக் காட்டிப் பேசினார். கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. தலைவர் கண்ணை மூடியபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். அது பாராட்டா தூக்கமா என்று சொல்வதற்குத் தனியாக ஒரு கமிட்டி போடவேண்டும்.

விளக்கு வந்ததும் தலைவர் மேசைப் பக்கம் வந்தார். ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார்.

"பேஷ். நான் எதிர்பார்த்தபடியேதான் இருக்கு, மிஸ்டர் சேஷன்."

"எல்லாம் சார் ஆசீர்வாதம்."

"மூணாம் வருஷத்தை ரிலீஸ் பண்ணிடலாம், அல்லே?"

மற்ற இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆமோதித்தார்கள். தலைவர் பேனாவைத் திறந்தார்.

செண்பகவல்லிக்குத் திங்கட்கிழமைக் கோடாலிச் சத்தம் அப்போதே காதில் விழுந்தது.

"சார், இது எங்க தோப்புக் காய் இல்லை" என்றாள்.

பேனா நின்றது. சேஷன் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. "குழந்தை ஏதோ டென்ஷன்ல உளர்றா சார். செண்பகம், நீ போய் காப்பி..."

"உளறலை சார். வேலை போனாலும் போகட்டும். இது மருந்தே அடிக்காத மரத்துக் காய். வெளியில வாங்கிட்டு வந்து அட்டையை வச்சிருக்கோம்."

தலைவர் பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் செருகினார். "சர்க்கார் பணம்னா உமக்கு அவ்வளவு இளப்பமா ஓய்?" என்று சேஷனைப் பார்த்துக் கேட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அப்போ உங்க தோப்புக் காய் எங்கே? அதை வைக்கிறதுக்கு என்ன கேடு?"

"அதுல ஒரு கேடும் இல்லை சார், அதான். மருந்து போன வருஷமே பலிச்சிருச்சு. எங்க தோப்புல இப்ப ஒரு காய்லகூட சொறி கிடையாது."

சேஷன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "வியாதி தீர்ந்துடுத்துன்னு எழுதினா, அப்பறம் ஆராய்ச்சிக்கு ஏது சார் பணம்? கமிட்டிதான் எதுக்கு?" என்று முனகினார்.

தலைவர் போய்க் கதவைத் தானே சாத்திவிட்டு வந்தார்.

"ஏன் சேஷா, இதை எங்கிட்ட முன்னாலேயே சொல்லப்படாதோ? போயும் போயும் விழிஞ்ஞத்துலயா சொறிக் காய் வாங்குவா? என் தோப்புல இதைவிட மோசமாக் குவிஞ்சு கிடக்கே" என்றார்.