மூன்றாவது படிக்கு அடியில்

“எந்த முதுகெலும்பில்லாத பய எழுதினான் இதை?” பெரியவர் கைத்தடியால் படிக்கல்லைத் தட்டினார். மொட்டைக் கடிதத்தைத் திருப்பி நீட்டினார்.

புராதனக் கட்டட அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி அசரவில்லை. இன்னொரு முறை உரக்கப் படித்தாள். “நூலக வாசலில் இருக்கும் ஏழு படிகளும் அசல் அல்ல. கீழிருந்து மூன்றாவது படியைத் தூக்கிப் பாருங்கள். பழைய சரிவுப் பாதையும், அதில் இரும்புச் சக்கரம் தேய்த்த இரண்டு தடங்களும் இருக்கும்.”

“இந்தப் படி எங்க தாத்தா போட்டதுன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன்மா. எங்க குடும்பத்து வார்த்தையைவிட இந்தக் காகிதம் பெரிசா?”

“அந்த வார்த்தையை நம்பித்தான் ஐயா, சக்கர நாற்காலியில வர்றவங்க சரிவு கேட்டப்போ ரெண்டு தடவை மறுத்தோம். அசலை மாத்தக் கூடாதுங்கிறது சட்டம். இப்ப ஒரே ஒரு கல்லு. நீங்க வேண்டாம்னா எடுக்க மாட்டோம்.”

பெரியவர் மீசையை நீவிக்கொண்டார். “எடுத்துப் பாருங்க. ஒண்ணுமில்லேன்னா எழுதினவன் மூஞ்சியில கரி.”

“தள்ளி நில்லுங்க ஐயா,” என்றார் கொத்தனார், கடப்பாரையை இடுக்கில் நுழைத்தபடி. “கல்லு உங்க கால்ல விழும், பழி என் தலையில விழும்.”

தள்ளி நின்றார். தெருவோரம் நின்ற காரில் அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். நாற்காலி பின்னால் மடிந்து கிடந்தது. கண் டாக்டரிடம் போகும் வழியில் ஐந்து நிமிட வேலை என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். ஒரு மணி நேரம் ஆகியும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

தாத்தா கட்டிய இந்த நூலகத்தில் புத்தக வண்டி ஏறுவதற்காக அவர் போட்ட சரிவு அது. அதில் தங்கையின் மர நாற்காலியைத் தினமும் தள்ளிக்கொண்டு ஏறியவர் இவர்தான். ஐம்பது வருடங்களுக்கு முன் இவருக்குப் பெண் கொடுக்க இருந்தவர்கள் நூலகத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வாசிப்பு மேசையில் தங்கை அவர்கள் கண்ணில் படக் கூடாதென்று, ஒரே வாரத்தில் சரிவின் மேல் படிகளை ஏற்றிவிட்டார். “சரிவு இருந்தா மூட்டை இறக்குற கிட்டங்கி மாதிரி இருக்கு,” என்று ஊருக்குச் சொன்னார்.

விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். தங்கை அதன்பின் நூலகத்துக்குள் போகவே இல்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பார்.

கல் புரண்டது.

“அட, எழுதின மாதிரியே இருக்கே!” கொத்தனார் மண்ணைக் கையால் தள்ளினார். அடியில் சரிந்த கருங்கல். அதன்மேல் அருகருகே இரண்டு தடங்கள்.

அதிகாரி குனிந்து தொட்டுப் பார்த்தாள். “அசல் இதுதான் ஐயா. ஏழு படியையும் எடுத்தாகணும். மன்னிச்சுக்குங்க, சட்டம் உங்க பக்கம் இல்லை.”

“சட்டம்னு வந்த பிறகு நான் என்ன பண்ண முடியும்?” பெரியவர் திரும்பி நடந்தார். முதுகு வளையவில்லை.

கார்க் கதவருகே நின்று தெருவைப் பார்த்தபடி இரைந்தார். “பாத்தியா? எவனோ ஒரு பொறாமை பிடிச்சவன் நம்ம மானத்தைச் சந்தியில நிறுத்திட்டான்.”

தங்கை அந்தக் கருங்கல்லைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கை நீட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்தாள்.

“அந்தத் தடம் தெரிஞ்சவங்க நாம ரெண்டு பேர்தான் மிச்சம். நான் எழுதலை.”

அவர் கைத்தடி நுனியால் தரையைக் கீறினார்.

“கீழ உன் பேரையும் போட்டிருக்கலாம்ணா.”