உத்தரீயசாமி

"ஆர் காணும் இந்தச் சாமியை இங்கை வைச்சது?"

ஆலைக் கணக்கெழுதும் கிராணி சிவசம்பு போட்ட சத்தத்தில் கிள்ளான் மர ஆலையின் ரம்பமே ஒரு கணம் நின்று கேட்டிருக்கும்.

அவர் அவஸ்தை அவருக்கு. நாளைக் காலை கோலாலம்பூரிலிருந்து வெள்ளைக்காரப் பெரிய தொரை வருகிறார். ஏழு மாதமாக ஆலையில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. அதற்காகச் சிவசம்புவுக்குத் தலைமைக் கிராணி உத்தியோகம் என்று பேச்சு. அறையை விட்டு வராதவர் தொரைக்காக இன்று ஆலைக்குள் சுற்றிப் பார்க்க வந்தால், சக்கரத்தில் ஓடுகிற இயந்திரத் தோல் வாருக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் அப்பி, ஒரு சாமி உட்கார்ந்திருக்கிறது.

கீறல் இல்லாததற்குத் தன் அறிவிப்புப் பலகைதான் காரணம் என்பது அவர் எண்ணம். பதினோரு விதி, அத்தனையும் செந்தமிழ். 'உத்தரீயம் தரித்து வாரினை அணுகுவோர் தண்டனைக்கு ஆளாவர்' என்பது முதல் விதி. தோளில் துண்டோடு போனால் வார் இழுத்துவிடும் என்று எழுதினால் குறைந்தா போய்விடுவார்? கேட்க யாருக்கும் தைரியமில்லை. படிக்கப் பாதிப் பேருக்குத் தெரியாது.

முன்பு நடந்த விபத்துகளையும் அவர்தான் எழுதிவைத்தார். விரல் போனாலும் கை போனாலும் ஒரே வரி, 'தன் கவனக்குறைவு'. எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

"நான்தாங்க வச்சேன், ஏழு மாசமாச்சு," என்று துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தார், ஆலையைக் கூட்டும் பக்கிரிசாமி. அவருக்கு இடது கை மட்டும்தான்.

"இது என்ன சாமி?"

"உத்தரீயசாமிங்க."

"என்னது?"

"நீங்க அன்னிக்குப் பலகையைப் படிச்சுக் காட்டினீங்களே, உத்தரீயம், தண்டனைன்னு. யாரோ கோவக்கார சாமின்னு ஆளுங்க நெனைச்சுக்கிட்டாங்க. நானும் ஆமான்னுட்டேன். சாமி முன்னால தோள்ல துண்டு போடலாமா? எடுத்து இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் இந்தப் பக்கம் வராங்க. கள்ளு குடிச்சவன் கிட்டவே வர்றதில்ல."

சிவசம்புவின் முகம் செத்துப்போனது. பெருமை கைமாறுவது அவருக்குப் புரிந்துவிட்டது.

"விசர்க்கதை கதையாதையும். தொரை கண்டால் என்ர மானம் போகும். தூக்கி எறியும். இல்லையெண்டால் நாளைக்கு உமக்கு இங்கை வேலை இல்லை."

பக்கிரிசாமி கீழே கிடந்த துடைப்பத்தைப் பார்த்தார். ஒற்றைக் கைக்காரனுக்கு இன்னொரு இடத்தில் யார் வேலை கொடுப்பார்கள்?

"வேலை போனா போவட்டுங்க. சாமி போனா துண்டு மறுபடியும் தோளுக்கு ஏறிடும். நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப நானே எறியிறன்."

குனிந்து மஞ்சள் துணியை உருவினார் சிவசம்பு. உள்ளே கல் இல்லை. வார் ஓடும் இரும்புச் சக்கரத்தின் உடைந்த பாதி.

"இது..."

"போன வருஷம் என் வலது கையைத் தின்ன சக்கரந்தாங்க. கவனக்குறைவுன்னு நீங்கதான் எழுதினீங்க. அதான், இப்ப எல்லாருக்கும் சேத்துக் கவனமா இருக்கேன்."

சிவசம்பு துணியை மறுபடி சுற்றி வைத்தார். பிறகு தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.