இடக்கையின் சந்தேகம்

பந்து வீசும் பேஸ்பால் வீரன் ஒருவனுடைய வலக்கை, முழங்கையில் தசைநார் அறுந்து, கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. இடக்கைக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“பந்து ரொம்பக் கனமாண்ணே?”

“இல்லடா.”

“யாராச்சும் மட்டையால அடிச்சாங்களா?”

“என் பந்தை எவன் தொட்டான்? அத்தனை பேரும் அவுட். ஆனா அதோ இருக்கே, பந்தோட வேகத்தைக் காட்டுற பெட்டி, அது முந்தின நாள் நம்பர்லயே நின்னுச்சு. அதைத் தாண்டணும்னு ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து வீசினேன்.”

“பெட்டி உன்னைத் திட்டுச்சா?”

“அது எங்கடா பேசும்!”

பேசாத பெட்டிக்காகவா ஒரு கை போகும்? இடக்கைக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். சும்மா பார்ப்போமே என்று ஒரு பந்தை எடுத்து வீசியது. பெட்டியில் நம்பர் மின்னியது.

“இவ்வளவுதானா?” என்று இன்னொரு பந்தை எடுத்தது இடக்கை.